விருப்புரிமை ஒப்பந்த வணிகம்: நேரம் குறைந்த புதியவர் அறிய வேண்டியவை

நாட்டின் மூலதன ஆக்கத்திற்குக் குடும்பங்களின் சேமிப்பே பெரும் ஊற்றாக விளங்குகின்றது என்பது பொருளியல் மாணவர் அனைவரும் அறிந்ததே. நெடுங்காலமாக இச்சேமிப்பு வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, ஆயுள் காப்பீடு, பொன், வீட்டுமனை ஆகியவற்றையே நாடி வந்தது. அண்மை ஆண்டுகளில் இப்போக்கில் பெரும் மாறுதல் ஏற்பட்டுள்ளது. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2025-இல் 20 கோடியைக் கடந்தது. பங்குகளில் நேரடியாக முதலீடு செய்வோர் பெருகியது ஒருவகையில் வரவேற்கத்தக்கதே.

ஆயினும், இவ்வாறு சந்தைக்கு வந்தோரில் ஒரு பகுதியினர் பங்குகளை வாங்கி வைப்பதோடு நில்லாமல், ஆப்ஷன் எனப்படும் விருப்புரிமை ஒப்பந்தங்களிலும் ஈடுபடலாயினர். ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர், கல்லூரி மாணவர் எனப் பல திறத்தாரும் இவர்களுள் அடங்குவர். பகல் முழுதும் வேறு பணியில் இருப்பவர்கள் இவர்கள். கற்பதற்கு இவர்களுக்குக் கிடைப்பது மாலையில் அரைமணி அல்லது ஒருமணி நேரமே. இத்தகையோர் இவ்வணிகத்தைப் பற்றி எதனை, எந்த வரிசையில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருப்புரிமை என்பது யாது?

ஒருவர் வீடு வாங்க எண்ணி, உரிமையாளரிடம் அச்சாரம் கொடுத்து, மூன்று மாதங்களுக்குள் குறித்த விலைக்குக் கிரயம் செய்துகொள்ள உடன்படுவது நம் நாட்டில் வழக்கமான செயல். அதற்குள் வீட்டின் விலை ஏறினாலும் பேசிய விலைக்கே அவர் வாங்கலாம். வேண்டாம் என அவர் விலகிக்கொண்டால் அச்சாரத்தை இழப்பார். விருப்புரிமை ஒப்பந்தமும் ஏறத்தாழ இத்தகையதே. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அச்சாரத் தொகை பின்னர் விலையில் கழிக்கப்படும். விருப்புரிமைக்காகக் கொடுக்கும் பிரீமியம் எந்நிலையிலும் திரும்பி வராது.

ஒரு பங்கினைக் குறித்த விலையில், குறித்த நாளில் வாங்கும் உரிமை 'கால்' எனப்படும்; விற்கும் உரிமை 'புட்' எனப்படும். குறித்த விலையை ஒப்பந்த விலை என்றும், குறித்த நாளை முடிவு நாள் என்றும் இங்குக் குறிப்பிடலாம். உரிமையை வாங்குபவர் அதனைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் விடலாம். உரிமையை விற்பவருக்கு அத்தகைய சுதந்திரம் இல்லை. பிரீமியத்தைப் பெற்றுக்கொண்ட அவர், வாங்கியவர் கேட்கும்போது ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும். அதற்கு ஈடாக மார்ஜின் என்ற வைப்புத் தொகையையும் அவர் கட்ட வேண்டும். வாங்குபவரின் நட்டத்திற்கு எல்லை உண்டு. விற்பவரின் ஆதாயத்திற்கு எல்லை உண்டு. கால் உரிமையை, கையில் பங்கு இல்லாமல் விற்பவரின் நட்டத்திற்கோ எல்லையே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நிறுவனத்தின் பங்கு விலை 1,000 ரூபாய் எனக் கொள்வோம். ஒப்பந்த விலை 1,000 ரூபாய். முடிவு நாளுக்கு 36 நாட்கள் உள்ளன. பிரீமியம் பங்குக்கு 30 ரூபாய். லாட் எனப்படும் ஒரு தொகுதியில் 500 பங்குகள் அடங்கும். கால் உரிமையை வாங்குபவர் 15,000 ரூபாய் செலுத்தி, 5 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பங்குகளின் விலை ஏற்றத்தில் பங்கு பெறுகின்றார்.

முடிவு நாளில் பங்கின் விலை 1,100 ரூபாயானால், பங்குக்கு 100 ரூபாய் வீதம் 50,000 ரூபாய் வரவு. பிரீமியம் போக ஆதாயம் 35,000 ரூபாய். விலை 1,000 ரூபாயிலேயே நின்றாலோ, அதற்குக் கீழே இறங்கினாலோ 15,000 ரூபாயும் நட்டம். புதியவர் மிகுந்த கவனத்துடன் நோக்க வேண்டியது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே. விலை 1,020 ரூபாயாக உயர்ந்தது எனக் கொள்வோம். விலை ஏறும் என்ற கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் வரவு 10,000 ரூபாய்; செலவு 15,000 ரூபாய்; நட்டம் 5,000 ரூபாய். விலை 1,030 ரூபாயைத் தாண்டிய பின்னரே ஆதாயம் தொடங்குகின்றது. தரகும் வரியும் சேர்ந்தால் அந்த எல்லை மேலும் சற்று உயரும்.

விருப்புரிமையை வாங்குபவர், விலை எத்திசையில் செல்லும், எவ்வளவு தூரம் செல்லும், எந்த நாளுக்குள் செல்லும் என்ற மூன்றையும் ஒருங்கே சரியாகக் கணிக்க வேண்டியவராகின்றார் என்பது இதனின்றும் தெளிவாகும். பங்கினை நேரடியாக வாங்கியவரோ விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

காலத்தின் விலை

பிரீமியத்தில் இரு கூறுகள் உள்ளன. பங்கின் விலை 1,020 ரூபாயாக இருக்கும்போது 1,000 ரூபாய்க்கு வாங்கும் உரிமையில் 20 ரூபாய் உள்ளார்ந்த மதிப்பு ஆகும். அதற்கு மேல் கொடுக்கப்படுவது கால மதிப்பு. முடிவு நாள்வரை விலை மாறக்கூடும் என்ற வாய்ப்பிற்காகச் செலுத்தும் தொகை அது. சந்தையில் ஏற்ற இறக்கம் மிகும் என்ற எதிர்பார்ப்பு வலுத்தால் கால மதிப்பு உயரும். அமைதி நிலவும் என எதிர்பார்த்தால் தாழும்.

கால மதிப்பு தேய்வது சீராக நடைபெறுவதில்லை. பங்கின் விலையும் ஏனைய நிலைமைகளும் மாறாதிருப்பின், ஒப்பந்த விலையும் சந்தை விலையும் ஒன்றாக உள்ள உரிமையின் பிரீமியம் எஞ்சியுள்ள காலத்தின் வர்க்க மூலத்திற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமையும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 36 நாட்கள் இருக்கையில் 30 ரூபாயாக இருந்த பிரீமியம், 9 நாட்கள் எஞ்சும்போது 15 ரூபாயாகக் குறையும், 4 நாட்களில் 10 ரூபாய், கடைசி ஒரு நாளில் 5 ரூபாய், பின்னர் ஒன்றுமில்லை. முதல் 27 நாட்களில் தேய்ந்ததும் 15 ரூபாய். இறுதி 9 நாட்களில் தேய்வதும் 15 ரூபாய். விலை குறைவு என்பதற்காக முடிவு நாளை ஒட்டிய உரிமைகளை வாங்கும் புதியவர், மிக விரைவாகத் தேயும் பொருளையே வாங்குகின்றார்.

இவ்வகை உரிமைகளின் விலையைக் கணக்கிடும் முறையை ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் ஆகியோர் 1973-இல் வெளியிட்டனர். ராபர்ட் மெர்ட்டன் அதனை விரிவாக்கினார். ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர். இவ்விருவரும் பங்குதாரர்களாக இருந்த அமெரிக்க நிதி நிறுவனம் ஒன்று 1998-இல் பெரும் நட்டமடைந்து நிலைகுலைந்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. விலையை அறியும் கணக்கு வேறு, ஆதாயம் ஈட்டும் திறன் வேறு என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

இந்தியாவில் வளர்ந்த வரலாறு

விருப்புரிமை வணிகம் நம் நாட்டிற்குப் புதியதன்று. பம்பாய்ச் சந்தையில் 'தேஜி', 'மந்தி' என்ற பெயர்களில் வாங்கும் உரிமையும் விற்கும் உரிமையும் முற்காலத்திலேயே வழங்கி வந்தன. 1956-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இவ்வணிகத்தைத் தடை செய்தது. 1995-இல் இத்தடை நீக்கப்பட்டது. இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம், அதாவது செபி, 1996 நவம்பரில் எல்.சி. குப்தா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1998 மார்ச்சில் அளிக்கப்பட்டது. 1999 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டபின், 2000 ஜூனில் குறியீட்டெண் மீதான எதிர்கால ஒப்பந்தங்களும், 2001 ஜூனில் குறியீட்டெண் மீதான விருப்புரிமைகளும், 2001 ஜூலையில் தனிப்பட்ட பங்குகளின் மீதான விருப்புரிமைகளும் நடைமுறைக்கு வந்தன.

இடர்ப்பாட்டைத் தாங்க இயலாதவரிடமிருந்து அதனைத் தாங்க வல்லவரிடம் மாற்றுவதே இவற்றின் நோக்கம். ஒருவர் கையில் மேற்சொன்ன நிறுவனத்தின் 500 பங்குகள் உள்ளன. மகளின் திருமணத்திற்காக இரு மாதங்களில் அவற்றை விற்க வேண்டியுள்ளது. விலை சரியுமோ என அஞ்சும் அவர், 1,000 ரூபாய்க்கு விற்கும் உரிமையைப் பங்குக்கு 40 ரூபாய் வீதம் 20,000 ரூபாய் கொடுத்து வாங்குகின்றார். விலை 850 ரூபாயாக வீழ்ந்தால் பங்குகளில் 75,000 ரூபாய் குறையும். உரிமையில் 75,000 ரூபாய் வரும். அவரது மொத்த இழப்பு, காப்பீட்டுக் கட்டணம் போன்ற அந்த 20,000 ரூபாயே. விருப்புரிமையின் முறையான பயன் இதுவே எனலாம்.

புள்ளிவிவரங்கள் கூறுவது

2016 முதல் வாரந்தோறும் முடியும் குறியீட்டெண் உரிமைகள் அறிமுகமாயின. கைபேசி வழி வணிகமும் பரவியது. முடிவு நாளன்று சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய்க்கு உரிமைகளை வாங்கி, சில நிமிடங்களில் விற்கும் பழக்கம் பெருகிற்று. இதன் விளைவைச் செபியின் ஆய்வுகள் புலப்படுத்துகின்றன.

2024 செப்டம்பரில் வெளியான ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குசார் எதிர்கால ஒப்பந்தங்களிலும் விருப்புரிமைகளிலும் ஈடுபட்ட 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். நட்டமடைந்தோரின் சராசரி இழப்பு, செலவுகள் உட்படச் சுமார் 2 இலட்சம் ரூபாய். தனிநபர்களின் மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவுகள் போக 1 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆதாயம் பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டினரே. 2023-24-இல் இவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 30 வயதிற்குட்பட்டோர் 43 விழுக்காடு. ஆண்டு வருமானம் 5 இலட்சம் ரூபாய்க்கும் குறைவு எனத் தெரிவித்தோர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்.

அதே ஆண்டில், செலவுகளைக் கழிப்பதற்கு முன், தம் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடி ரூபாயும், அயல்நாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி ரூபாயும் ஆதாயம் பெற்றனர். அந்த ஆதாயத்தில் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி கணிப்பொறி நிரல்களின் வழி தானாக நடைபெறும் வணிகத்தால் வந்தது. தனிநபர் ஒவ்வொருவரும் தரகு, வரி முதலியவற்றிற்காக மட்டும் அவ்வாண்டில் சராசரியாகச் சுமார் 26,000 ரூபாய் செலவிட்டனர்.

இந்நிலையில் செபி சில கட்டுப்பாடுகளை 2024 நவம்பர் 20 முதல் படிப்படியாகக் கொணர்ந்தது. குறியீட்டெண் ஒப்பந்தத்தின் குறைந்த அளவு 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு பங்குச் சந்தையிலும் ஒரு குறியீட்டெண்ணிற்கு மட்டுமே வார ஒப்பந்தம் அனுமதிக்கப்பட்டது. முடிவு நாளன்று உரிமைகளை விற்றிருப்போரிடம் கூடுதல் வைப்புத் தொகை கோரப்பட்டது. எனினும், 2025 ஜூலையில் வெளியான ஆய்வு, 2024-25-ஆம் ஆண்டிலும் தனிநபர்களில் 91 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகவும், அவர்களின் நிகர இழப்பு 1,05,603 கோடி ரூபாய் எனவும் தெரிவித்தது.

நேரம் குறைந்தவரின் இடர்கள்

பங்குச் சந்தை இயங்கும் நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. அலுவலகமும் பள்ளியும் கடையும் இயங்கும் நேரமும் அதுவே. எதிர்ப்புறத்தில் இருப்பதோ இமைப்பொழுதும் அயராத கணிப்பொறி. விருப்புரிமையில் ஒருவரின் ஆதாயம் மற்றொருவரின் நட்டம். செலவுகளைச் சேர்த்தால் இரு தரப்பினரின் மொத்தக் கணக்கும் நட்டமாகவே முடியும். நிறுவனங்கள் வளர்வதால் பங்குதாரர் அனைவரும் பயன்பெறுவது போன்ற நிலை இங்கு இல்லை. ஆதலின் பணியிடையே அவ்வப்போது கைபேசியைப் பார்த்து வணிகம் செய்பவர், தொடக்கத்திலேயே பின்தங்கி நிற்கின்றார்.

நட்டத்திற்கு அஞ்சி, உரிமைகளை விற்பதே பாதுகாப்பானது எனச் சிலர் கருதுவர். பெரும்பாலான மாதங்களில் சிறு ஆதாயம் வரக்கூடும் என்பது மெய்யே. ஆனால், எதிர்பாராத ஒரு நாளின் வீழ்ச்சியோ ஏற்றமோ பல மாத ஆதாயத்தை அழித்துவிடும். அந்நாளில் விற்றவர் சந்தையைக் கவனிக்க இயலாத பணியில் இருந்தால் விளைவு மேலும் கடுமையாகும்.

புதியவர் பலர் அறியாத விதி ஒன்றும் உண்டு. தனிப்பட்ட பங்குகளின் மீதான ஒப்பந்தங்கள் 2019 அக்டோபர் முதல் முழுமையாகப் பங்குகளைக் கொடுத்துப் பெறும் முறையிலேயே தீர்க்கப்படுகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 15,000 ரூபாய்க்கு உரிமை வாங்கியவர், அதனை ஆதாய நிலையில் முடிவு நாள் கடந்தும் விற்காமல் விட்டுவிட்டால், 5 இலட்சம் ரூபாய் செலுத்திப் பங்குகளைப் பெற வேண்டிவரும்.

அரசு ஊழியர்க்கு இது வெறும் ஆதாய நட்டக் கணக்கு மட்டுமன்று. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகளின் 16-ஆம் விதி, பங்கு முதலியவற்றில் ஊக வணிகம் செய்வதைத் தடை செய்கின்றது. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வணிகமாகவே கருதப்படும் என்றும் அவ்விதி விளக்குகின்றது. உரிய தரகர் மூலம் எப்போதேனும் செய்யப்படும் முதலீட்டிற்குத் தடை இல்லை. வாரந்தோறும் முடியும் உரிமைகளில் ஈடுபடுவது இவ்விலக்கினுள் அடங்கும் எனக் கொள்வது அரிது. மாநில அரசுப் பணியாளர் தத்தம் நடத்தை விதிகளை முன்னரே படித்தறிதல் வேண்டும்.

கற்கும் முறை

விருப்புரிமையைக் கற்பதும், அதில் வணிகம் செய்வதும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்குப் பணம் தேவையில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கக்கூடியவர் நான்கு படிகளில் இதனைக் கற்கலாம்.

முதற்படி, பங்கு என்றால் என்ன, நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எவ்வாறு படிப்பது என்பவற்றை அறிதல். அடிப்படையான பங்கினை அறியாதவர் அதன் மீதான உரிமையை மதிப்பிட இயலாது.

இரண்டாம் படி, கால், புட் ஆகியவற்றை வாங்குவோர், விற்போர் ஆகிய நால்வரின் ஆதாய நட்டத்தையும் தாளில் வரைபடமாக வரைதல். பங்கு விலைக்கு ஏற்ப ஒவ்வொருவரின் நிலையும் எவ்வாறு மாறுகின்றது என்பதைப் பத்து எடுத்துக்காட்டுகளில் பிறர் துணையின்றிக் கணக்கிட முடிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி, கால மதிப்பும் ஏற்ற இறக்கமும் பிரீமியத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை உண்மை விலைகளில் கவனித்தல். ஓர் உரிமையைத் தேர்ந்து, அதன் பிரீமியத்தையும் பங்கின் விலையையும் நாள்தோறும் மாலையில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், முடிவு நாளுக்குள் தேய்மானத்தின் வேகத்தைக் கண்ணாரக் காணலாம்.

நான்காம் படி, பணமின்றித் தாளிலேயே வணிகம் செய்து பார்த்தல். எதிர்பார்ப்பு யாது, அதிகபட்ச நட்டம் எவ்வளவு, எந்த விலைக்குமேல் ஆதாயம் தொடங்கும், எந்நாளில் வெளியேறுவது என்ற நான்கினையும் முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். தரகு, பரிவர்த்தனை வரி, ஏனைய கட்டணங்கள் ஆகியவற்றைக் கழித்து, குறைந்தது ஆறு மாதக் கணக்கினை நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். நட்டக் கணக்கே வருமாயின், அதனைப் பணமிழக்காமல் அறிந்ததே பெரும் ஆதாயம்.

இக்கல்விக்குச் செபி நிறுவிய தேசியப் பத்திரச் சந்தைப் பயிலகத்தின் பாடங்கள் பயன்படும். தரகு நிறுவனங்களில் இப்பிரிவில் பணியாற்றுவோர்க்காக அப்பயிலகம் நடத்தும் பங்குசார் ஒப்பந்தத் தேர்வின் பாடநூல் இரண்டாம், மூன்றாம் படிகளுக்குப் பெரிதும் உதவும். செபியின் 'சாரதி' என்ற கைபேசிச் செயலியும் அடிப்படைச் செய்திகளைத் தருகின்றது. உறுதியான ஆதாயம் கிட்டும் எனக் கூறுவோரையும், செபியில் பதிவு பெறாமல் ஆலோசனை வழங்குவோரையும் அணுகாதிருத்தல் நலம்.

பயிற்சிக்குப் பின்னரும் ஈடுபட விரும்புவோர், பணி விதிகள் இடந்தருமாயின், முழுதும் இழந்தாலும் குடும்பச் செலவைப் பாதிக்காத தொகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கடன் வாங்கியோ, வைப்பு நிதியை எடுத்தோ இதில் இறங்குதல் எந்நிலையிலும் கூடாது. கையிலுள்ள பங்குகளுக்குப் பாதுகாப்பாக விற்கும் உரிமை வாங்குவதிலிருந்து தொடங்குவது முறையாகும். நட்டத்தை மீட்க அளவை இரட்டிப்பாக்கும் போக்கினைத் தவிர்த்தல் வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நட்டமடைந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் இவ்வணிகத்தை நிறுத்தவில்லை என்று செபியின் 2024 ஆய்வு கூறுவது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

முடிவாக, விருப்புரிமை ஒப்பந்தங்கள் வளர்ந்த நிதிச் சந்தைக்குத் தேவையான கருவிகளே; அவற்றைப் பற்றிய அறிவு மாணவர்க்கும் அலுவலர்க்கும் இன்றியமையாதது. ஆயினும் சிறு வருமானமுள்ள குடும்பங்களின் சேமிப்பு இவற்றின் வழியே கரைந்துபோவது அக்குடும்பங்களுக்கும் நாட்டிற்கும் இழப்பாகும். இக்கருவிகளைத் தெளிவாகக் கற்று, தமக்கு ஏற்றதன்று எனக் கண்டு ஒதுங்கி நிற்பவரும் கல்வியின் பயனை முழுமையாகப் பெற்றவரே ஆவார்.